நாஸியாவுக்கு அனுப்பிய வெயில்

அப்துல் பாசித் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டது ஒரு முட்டை.

என் கணவர் மரியநாதன்தான் அவரை அழைத்து வந்தார். மலேசியாவின் ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில், எங்கள் பிளாட்டுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் இருவருக்கும் பழக்கம். "கிறிஸ்டின், தம்பி நம்ம ஹால கொஞ்ச நேரம் பாக்கணுமாம்" என்றார். வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள் உண்டு. ஹாலை மட்டும் பார்க்க யாரும் வந்ததில்லை. நான் தையல் மெஷினுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, ஒரு முட்டை கிடைக்குமா?" என்றார்.

"பசிக்குதா?" என்றார் என் கணவர். "அவிச்சதா, பொரிச்சதா?"

"பச்சையாவே போதும்ண்ணே. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்."

எங்கள் வீட்டு முட்டை பழுப்பு நிறம். அவருக்கு வெள்ளை வேண்டுமாம். கொஞ்சம் பவுடர் கேட்டு வாங்கி, குழந்தைக்குப் பூசுவதுபோல முட்டைக்குப் பூசினார். ஜன்னலோரம் இருந்த மேசையில் அதை வைத்துவிட்டு, குனிந்து, கன்னத்தை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"தம்பி, அது பொரியாது. நான் சொல்லிட்டேன்."

"நிழலப் பாக்குறேன்ண்ணே."

கட்டி முடிக்காத வீடுகளுக்குப் படம் செய்வது பாசித்தின் வேலை. விற்பனைக்கு வரும் கொண்டோ அடுக்குமாடிகளின் விளம்பரத் தாளில் சோபாவும் பூச்சாடியும் மினுமினுக்கும் ஹால் ஒன்று இருக்குமே, அது போட்டோ இல்லையாம். கம்ப்யூட்டரில் சுவரை எழுப்பி, நாற்காலியைச் செய்து, ஜன்னல் வழியாக வெயிலையும் விடுவார்களாம். ஜொகூர் பாரு டவுனில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார். திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று அங்கே ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி மூடியிருப்பார்கள் என்று சொன்னபோது என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவருடைய ஊர் அதிராம்பட்டினம். மனைவி நாஸியா அங்கே இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு நோன்புப் பெருநாளுக்கு மட்டும் சேர்ந்திருந்துவிட்டு இங்கே வந்தவர், அதன்பிறகு ஊருக்குப் போன தடவைகள் குறைவு.

"கூட்டிட்டு வந்துர வேண்டியதுதானே லா" என்றார் என் கணவர்.

"எங்க ஊர்ல பொம்பளப் புள்ளைய வெளிய அனுப்ப மாட்டாங்கண்ணே. வீடு பொண்ணு பேர்ல. பொண்ணோட வாப்பா கட்டிக் குடுப்பாரு. மாப்பிள்ளைதான் அங்க போய் இருக்கணும். நான் ஊருக்குப் போனா எனக்குன்னு நல்ல தட்டு, நல்ல போர்வை, நல்ல மீன் எல்லாம் எடுத்து வைப்பாங்க. மாமியா நேர்ல வந்து பேச மாட்டாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, மாப்பிள்ளைக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேப்பாங்க."

"குடுத்து வெச்சவன்யா நீ."

"நல்லாத்தான் இருக்கும்ண்ணே" என்றார் பாசித். "ஆனா தண்ணி வேணும்னாகூட எந்தப் பானைன்னு எனக்குத் தெரியாது. கேட்டுத்தான் குடிக்கணும்."

எங்களுக்கு அடுத்த வீடு காலியாகப் போகிறது. அதிலிருந்த குடும்பம் லாயாங் லாயாங்குக்கு மாறுகிறது. நாஸியா வருவதாக இருந்தால் அந்த வீட்டை எடுத்துக்கொள்வதாக வீட்டுக்காரரிடம் பாசித் சொல்லி வைத்திருந்தார். அவள் வராவிட்டால் வீடு எதற்கு, இப்போது இருக்கும் ரூமே போதும். எல்லாம் அவள் ஒரு வார்த்தையில் இருந்தது. அந்த வார்த்தையை வாங்கத்தான் அடுத்த வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, அவளுக்குப் பிடித்த பச்சை நிற மெத்தையெல்லாம் போட்டு, ஒரு படம் செய்து அனுப்பியிருந்தார்.

அதற்கு அவள் அனுப்பிய பதிலைத்தான் அன்று எங்களுக்குப் போட்டுக் காட்டினார். போனிலிருந்து வந்த குரல் மெல்லியது. ஆனால் கூச்சம் இல்லாதது.

"மச்சான், உங்க ஊர்ல சூரியன் ரெண்டா? நாற்காலி நிழல் இந்தப் பக்கம் விழுது, மேசை நிழல் அந்தப் பக்கம் விழுது. நான் முசல்லாவ எந்தப் பக்கம் விரிக்கிறது?"

முசல்லா என்றால் தொழுகை விரிப்பு. தொழும் திசையான கிபுலா அவர்கள் ஊரிலும் மேற்கு, இங்கேயும் மேற்கு. சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்தால் தொழ வேண்டிய பக்கம் தெரிந்துவிடும். படத்தில் அவள் அதைத்தான் தேடியிருக்கிறாள். பாசித் அலுவலகப் பழக்கத்தில், அறை பளிச்சென்று இருக்கட்டும் என்று எதிர்ப் பக்கமும் ஒரு விளக்கைக் கள்ளத்தனமாக வைத்திருந்தார். விற்பனைப் படங்களில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்களாம். இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம்.

"நல்லா மாட்டுனியா?" என்றார் என் கணவர்.

பாசித்துக்கு அதில் வருத்தமே இல்லை. முகம் மலர்ந்து கிடந்தது. "அண்ணே, வீடு நல்லாருக்கா இல்லையான்னு அவ கேக்கல. எங்க தொழணும்னு கேட்டிருக்கா. உள்ள வந்து நின்னு பாத்திருக்காண்ணே."

அதனால்தான் கள்ள விளக்கை எடுத்துவிட்டு, உண்மையான வெயிலையே வைப்பது என்று முடிவு செய்திருந்தார். அடுத்த வீட்டுச் சாவி கைக்கு வரவில்லை. எங்கள் ஹாலும் அந்த ஹாலும் ஒரே அளவு, ஒரே பக்கம் பார்த்த ஜன்னல். சாயங்காலத் தொழுகையான அசர் நேரத்தில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பிறகு, என் கணவர் பாசிர் கூடாங்கில் பகல் ஷிப்ட் முடித்து வரும் நாட்களில், அவரோடு சேர்ந்து பாசித்தும் வருவார். முட்டையை வைப்பார், பார்ப்பார், போவார். நான் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டே அவர் என்ன பார்க்கிறார் என்று பார்ப்பேன். படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள் நான். காஹாங்கில், என் பிறந்த வீட்டில், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அவர் என் கணவரிடம் சொல்வது என் காதிலும் விழும்.

வெளிச்சம் வரும் இடம் சின்னதாக இருந்தால் நிழலின் ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோல விழுமாம். பெரிதாக இருந்தால் ஓரம் கரையுமாம். ஜொகூர் வானத்தில் எப்போதும் மேகம் ஒரு மெல்லிய துணிபோலக் கிடப்பதால், ஜன்னல் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. முட்டை மேசையைத் தொடும் இடத்தில் மட்டும் மையிட்டதுபோல ஒரு கறுப்பு. அங்கிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக நிழல் இளகி, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் முடிந்துவிடும்.

"அந்தக் கறுப்பு இல்லேன்னா பொருள் மிதக்கும்ண்ணே. என் முதல் படத்துல நாற்காலியெல்லாம் மிதந்துச்சு. பாக்குறவங்களுக்கு என்னன்னு சொல்லத் தெரியாது. ஆனா யாரோ கொண்டாந்து வெச்ச மாதிரி இருக்கும். ஒக்கார மனசு வராது."

அவர் போன பிறகு நான் எங்கள் நாற்காலிகளின் காலடியைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு இருந்தது. அத்தனை வருஷம் கூட்டிய தரை, அதை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது படத்தை அவர் போனில் கொண்டு வந்து காட்டினார். முதலில் நிழலெல்லாம் ரவை தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக வந்ததாம். கம்ப்யூட்டரைப் பொறுமையாகக் கணக்குப் போட விட்டால்தான் அது வழவழப்பாகுமாம். அவசரப்படாமல் விட்டிருக்கிறார். மெத்தையின் பச்சை, பக்கத்துச் சுவரின் நிழலில் லேசாகக் கலந்திருந்தது. பார்த்ததும் எங்கள் வீட்டைப் போலவும் இருந்தது, எங்கள் வீட்டைவிட அமைதியாகவும் இருந்தது.

நாஸியாவின் பதில் உடனே வரவில்லை. வந்தபோது சின்னதாக வந்தது. "இப்ப வீடு மாதிரி இருக்கு மச்சான். ஆனா யாரும் இல்லையே."

"ஆள வெச்சுட வேண்டியதுதானே" என்றார் என் கணவர்.

"ஆபீஸ் படத்துல வெப்பேன்ண்ணே. காப்பி கோப்பையோட ஒரு வெள்ளக்காரி எல்லா வீட்லயும் நிப்பா. என் வீட்ல உருவம் வெக்க எனக்கு மனசில்ல. அவ உம்மாவும் விரும்ப மாட்டாங்க."

ஆனால் அவர் விட்டுவிடவில்லை. சில நாள் கழித்து வந்து, ஒரு வழி இருக்கிறது என்றார். "ஒரு ஆளச் செஞ்சு, கேமராவுக்கு மட்டும் தெரியாம வெக்கலாம்ண்ணே. வெயிலுக்குத் தெரியும், நிழல் மட்டும் விழும்."

"அலாமாக். பேய் வீடுன்னு நெனச்சுக்கப் போறாங்க தம்பி."

பாசித் வைத்தார். படத்தின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஆள் தெரியவில்லை. தரையில் நிழல் மட்டும் நீண்டிருக்கிறது. தலை, தோள், மடக்கிய முழங்கால். ஓரமெல்லாம் கரைந்திருந்ததால் யார் என்று வேண்டுமானாலும் சொல்லலாம். நானாகக்கூட இருக்கலாம்.

நாஸியா அதைப் பார்த்துவிட்டு, "இடது தோள் இறங்கியிருக்கு. நீங்கதான்" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

அந்த நாட்களில் பாசித் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முட்டை கேட்கவில்லை. என் கணவரோடு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவார். பேச்சுக்கு நடுவில் போனைத் திருப்பிப் பார்த்து, மறுபடி கவிழ்த்து வைப்பார். வீட்டுக்காரர் வேறு, எடுக்கப்போகிறாயா இல்லையா என்று கேட்டுவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வரும்போது, அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் பைக்கை நிறுத்தப் போயிருந்தார். பாசித் எழுந்து, என்னிடமே போனை நீட்டினார். "அக்கா, இதப் பாருங்க."

அது போட்டோ. ஒரு முற்றத்துச் சிமெண்ட் தரை. அதில் ஒரு பெண்ணின் நிழல். முக்காட்டின் விளிம்பு, முழங்கை, போனைப் பிடித்திருக்கும் விரல்கள், எல்லாம் தனித்தனியாக, கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோலத் தெளிவாக இருந்தன. கீழே இரண்டே வார்த்தை எழுதியிருந்தாள்: இதையும் வைங்க.

"வைங்க தம்பி" என்றேன்.

அப்படியே வைக்க முடியாதாம். அவளுடையது வெட்டவெளி வெயில், மேகமில்லாத வானம். பாசித்தின் ஹாலில் இருப்பது ஜன்னல் வெயில். அந்தக் கூர்மையான நிழலை இந்தத் தரையில் போட்டால் ஒட்டாமல் நிற்கும். அதனால் அவளுடைய உருவத்தைக் கம்ப்யூட்டரில் செய்து, தன் நிழலுக்குப் பக்கத்தில் அவளையும் ஜன்னலோரம் உட்கார வைத்து, ஜொகூர் வெயிலை விட்டுப் பார்த்தார். விரல்கள் ஒன்றாகிவிட்டன. முக்காட்டின் விளிம்பு மறைந்தது.

"வெயில் இங்கத்து வெயில். கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா சரியா வெச்சா இவ கரைஞ்சு போறாண்ணே. இன்னும் கொஞ்சம் விட்டா இவதானான்னு எனக்கே தெரியாது. நான் பாத்தே எவ்வளவு நாளாச்சு."

கடைசியில் தன் நிழலைக் கரைய விட்டு, அவளுடையதை மட்டும் கொஞ்சம் கூர்மையாக வைத்தார். ஒரே ஜன்னலில் அப்படி வராது என்று அவருக்குத் தெரியும். "தப்புதான். இருக்கட்டும்" என்றார்.

அந்தத் தப்பை நாஸியா கேட்கவில்லை. அவள் சொன்னது வேறு. அதை அவர் எங்களிடம் சொன்னபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முகம் வைத்திருந்தார்.

"பாக்க வர்றேன்னு சொல்லிட்டாண்ணே."

"அப்பாடா."

"இல்லண்ணே. பாக்க வர்றேன், இருக்க வர்றேன்னு சொல்லலன்னு சேத்துச் சொன்னா. திரும்பிப் போற டிக்கெட்டும் போட்டாச்சு. அவ உம்மா அப்படித்தான் அனுப்புறாங்க. அந்த வெயில் விழுற எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்னு கேட்டு வாங்கியிருக்கா."

பாசித் அடுத்த வீட்டை எடுத்தார். பச்சை மெத்தை வாங்கினார். படத்தில் இருந்த இடத்திலேயே நாற்காலிகளைப் போட்டார். நாஸியா வந்து இறங்கியது வருஷக் கடைசியில். அன்று பிடித்த மழை விடவில்லை.

ஜொகூரில் அந்த மாதங்களில் மழை அப்படித்தான். காலையா மாலையா என்று தெரியாத ஒரே வெளிச்சம். ஹாலில் எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை. நாஸியா ஜன்னலருகே நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்தாளாம். "எங்க மச்சான் வெயில்?"

"வரும்."

"படத்துல ரெண்டு சூரியன் வெச்சீங்க. இங்க ஒண்ணக்கூடக் காணோம்."

அவள் நான் நினைத்ததைவிடச் சின்னவள். பேசுவதில் பெரியவள். பாசித் வேலைக்குப் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக் கொடுப்பாள். நான் பேசாமல் இருந்தால் அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். ஒருநாள் நான் 'லங்சீர்' என்று சொல்லப்போய், அவள் சிரித்து, "அப்படின்னா என்னக்கா, திங்கிறதா?" என்றாள். ஜன்னல் துணி என்றேன். அதற்கப்புறம் அவள் பார்த்த எல்லா ஜன்னல் துணியும் லங்சீர்தான்.

அவளுடைய உம்மா தினமும் கூப்பிடுவார். "எப்ப வர்றா?" என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்கே கேட்கும். "இன்னும் வெயிலப் பாக்கல உம்மா" என்பாள் நாஸியா. "இவ்வளவு தூரம் வந்துட்டு அதப் பாக்காம எப்படி வர்றது? ஒரு நாள் அடிக்கட்டும், பாத்துட்டு அடுத்த நாளே கிளம்பிர்றேன்." டிக்கெட்டை ஒருமுறை தள்ளிப் போட்டார்கள். மழை பெய்துகொண்டே இருந்தது.

பாசித்தின் நடை மாறிவிட்டது. முன்பெல்லாம் எங்கள் ஹாலில் வெயிலுக்காகக் காத்து நின்றவர், இப்போது காலையில் வெளியே வந்ததும் வானத்தைப் பார்ப்பார். இருட்டிக்கொண்டு இருந்தால் படியில் வேகமாக இறங்குவார். கொஞ்சம் வெளுத்திருந்தால் செருப்பை மாட்டவே நேரம் எடுக்கும். மாலையில் வந்ததும் கதவைத் தட்டுவதற்கு முன்பே, "இன்னிக்கு வந்துச்சா?" என்று கேட்பது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். "எங்க வந்துச்சு" என்பாள் உள்ளே இருந்து. அதன்பிறகுதான் அவர் குரல் இயல்பாகும்.

அது ஒரு வியாழக்கிழமை என்று நினைக்கிறேன். நாஸியா எங்கள் ஹாலில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மழை எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. திடீரென்று அவளுடைய ஊசி மினுங்கியது. நிமிர்ந்தேன். ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, தரை முழுவதும் படர்ந்திருந்தது. நாற்காலிகளுக்கு நிழல் வந்துவிட்டது. எங்கள் இருவரின் நிழலும் தரையில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஓரம் கரைந்து கிடந்தன.

அவள் கையை நீட்டி, விரல்களை விரித்து, தரையில் பார்த்தாள். விரல்கள் தனியாகத் தெரியவில்லை. கையைத் தாழ்த்தித் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒவ்வொரு விரலாக வந்தது. மறுபடி தூக்கினாள்.

"அசர் ஆயிருச்சுக்கா" என்று எழுந்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் அங்கே விரிப்பைப் போட்டிருப்பாள். அவள் ஹாலிலும் இதே வெயில் இப்போது இப்படித்தான் விழுந்திருக்கும். நான் மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வெயில் எங்கள் நாற்காலியில் ஏறி, சுவரில் ஏறி, போயிற்று. அதன்பிறகு மறுபடி மேகம் மூடிக்கொண்டது.

பாசித் வந்தபோது நானும் என் கணவரும் வராந்தாவில் நின்றிருந்தோம். நாஸியா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"இன்னிக்கு வந்துச்சா?"

"எங்க மச்சான்" என்றாள். "ஒரே மூட்டமா கெடக்கு."

அவர் டவுனில் கறுப்புத் தாள் ஒட்டிய அறையிலிருந்து வந்தவர். அவள் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆனாலும் என் பக்கம் திரும்பினார். "உங்க ஹால்லயும் இல்லையாக்கா?"

நாஸியா என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் தைச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி" என்றேன். "கவனிக்கல."

"இவ கவனிக்கலன்னா அப்ப வரவே இல்ல" என்றார் என் கணவர்.

பாசித் தலையசைத்தார். வராந்தாக் கொடியில் அவர்கள் வீட்டுத் துணிகள் தொங்கின. பல நாளாக ஈரம் போகாமல் கிடந்தவை. போகிற போக்கில் ஒரு சட்டையின் கையைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் நின்றார். பிறகு அடுத்ததைத் தொட்டார். காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பின்னால் வீட்டுக்குள் போனார்.